ஒழுங்கைக்கு இரண்டு படலை

— தம்பி கோபிசங்கர், நான் கோயிலிலைகூட இவ்வளவு நேரம் முழங்காலிலை நிண்டதில்லை. யாழ்ப்பாணத்திலை இருந்து பஸ்ஸாலை வந்து இறங்கின நேரம் துவக்கம் அந்தப் பெட்டிக்கு முன்னாலைதான் கிடக்கிறீர். அது ஏதும் வாய் திறந்ததோ?

— பொறுங்கோ அஞ்சலாக்கா, பொறுங்கோ. லைற் பச்சை. வயர் சரி. கூரையிலை அன்ரனா கடலுக்கு மேலாலை யாழ்ப்பாணத்தைத்தான் பாத்துக்கொண்டு நிக்குது. எல்லாம் நல்லாத்தான் இருக்கு.

— எல்லாம் நல்லா இருக்கெண்டு போன மாசமும் சொன்னனீர். தேத்தண்ணி குடிச்சனீர், போனனீர். நீர் மண்டைதீவு தாண்டமுந்தி நிண்டிட்டுது.

— நான் இருக்கேக்கை ஓடினதக்கா! என்ரை ரெண்டு கண்ணாலையும் பாத்தனான்.

— அதுதான் எனக்கு விசர் பிடிக்கிறது. பழுதெண்டால் பழுதெண்டு தூக்கி எறியலாம். இது ஒரு நாள் ஓடுது, ரெண்டு நாள் படுக்குது, பிறகு ஆரும் கேளாமலே எழும்பி ஓடுது. கலியாண வீட்டிலை கோவிச்சுக்கொண்டு திரியிற மச்சான் மாதிரி.

— சிரிக்க வைக்காதேங்கோ அக்கா, கையிலை வயர் இருக்கு.

— சிரியும் சிரியும். பன்னிரண்டு மணிக்குப் பிறகு சிரிக்க ஏலாது. சரி, இது என்ன சாமான் எண்டு ஒருக்கா எனக்கு விளங்கப்படுத்தும். வீ.பீ.என், வீ.பீ.என் எண்டு எல்லாரும் சொல்லுறியள், நானும் ஓமோம் எண்டு தலையாட்டிறன்.

— அது லேசு. இன்ரநெற் எண்டது பெரிய றோட்டு. ஆரும் போவினம், ஆரும் வருவினம். எங்கடை நண்டுக் கணக்கு அந்த றோட்டாலை போனால் போற வாற ஆக்களெல்லாம் எட்டிப் பாப்பினம். அதாலை இந்த ஊர்காவற்றுறை நண்டுச் சென்ரரிலை இருந்து யாழ்ப்பாணம் ஹெட் ஒஃபிசுக்கு எங்களுக்கெண்டு தனியா ஒரு ஒழுங்கை வெட்டியிருக்கிறம். ரெண்டு பக்கமும் அடைச்ச வேலி. இஞ்சை ஒரு படலை, அங்கை ஒரு படலை.

— இப்பிடிச் சொன்னால் எனக்கு விளங்கும்தானே. அப்ப படலை திறக்குதில்லை.

— ஓம். எங்கடை படலை "நான் வந்திருக்கிறன்" எண்டு கூப்பிடும். அங்கத்தைப் படலை ரெண்டு மூண்டு கேள்வி கேட்டு, ஆள் சரியெண்டால் திறக்கும். இப்ப கேக்குது, பாக்குது, திறக்குதில்லை. ஏனெண்டு சொல்லுதுமில்லை.

— மண்டைதீவுச் சந்தியிலை துவக்கோடை காவல் நிக்கிற சென்றி மாதிரி எண்டு சொல்லும்.

— அந்தக் கதையைக் கேக்காதேங்கோ! இண்டைக்கு என்ரை பையைக் கொட்டி வயர் ஒவ்வொண்டாய்த் தூக்கிப் பாத்திட்டு, உதென்னெண்டு கேக்கிறான். வீ.பீ.என்னுக்கு நான் சிங்களத்திலை எங்கை போறது? நண்டு, நண்டு எண்டு விரலாலை நடந்து காட்டினன். சிரிச்சுப்போட்டு விட்டிட்டான்.

— நீர் நண்டு மாதிரித்தான் இருக்கிறீர், பிழை சொல்ல ஏலாது. அதுசரி, படலைக்குத் திறப்பு ஒண்டு போட்டனீரல்லோ, இரகசியச் சொல்லு? அது ரெண்டு பக்கமும் ஒண்டுதானோ?

— ஒண்டுதான், பாத்திட்டன். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லிப்போடாதேங்கோ அக்கா. ஆருக்கும் தெரியக்கூடாது.

— ஆருக்குத் தெரியாது? உள்ளுக்கை நண்டுச் சதை எடுக்கிற மனோகரி அந்தச் சொல்லை வைச்சுப் பாட்டே கட்டிப்போட்டாள். பொறும், போன் அடிக்குது. மனேச்சர் பரராசசிங்கமாத்தான் இருக்கும். ஸ்பீக்கரிலை போடுறன், நீரும் கேளும். ஹலோ?

— மிஸிஸ் அஞ்சலா, பரராசசிங்கம் கதைக்கிறன். இண்டையான் கணக்கு இன்னும் வரேல்லை.

— அதைத்தான் சேர் பாக்கிறம். கோபிசங்கர் வந்து நிக்கிறார். நண்டு நல்லா விழுந்திருக்கு சேர். பொம்பிளையள் சதை எடுத்துக் குவிச்சு வைச்சிருக்கினம். நிறையை இப்ப போனிலை சொல்லட்டே?

— போனிலை சொல்லுறது போனோடை போயிடும். மற்றச் சென்ரருகள் பக்கத்திலை, கையிலை கொண்டு வந்து தருகினம். கடலுக்கு அங்காலை இருக்கிறது நீங்கள் மட்டும்தான். உங்கடை கணக்குக் கொம்பியூட்டரிலை விழவேணும். கொழும்பிலை இருந்து தலைவர் வந்து என்ரை கதிரையிலை இருக்கிறார். பன்னிரண்டுக்கு முந்தி விழுந்தால் லொறி வரும், சென்ரரும் இருக்கும். விழாட்டி, ஊர்காவற்றுறையை மூடிப்போட்டு எல்லாத்தையும் குருநகருக்கு எடுக்கிறதெண்டு கையெழுத்து வைக்கிறார்.

— லைன் நிண்டால் அது பொம்பிளையளின்ரை பிழையே சேர்?

— ஆற்றை பிழையெண்டு நான் பாக்கிறதில்லை, மிஸிஸ் அஞ்சலா. எனக்குக் கொம்பியூட்டர் என்ன சொல்லுதோ, அதுதான். வைக்கிறன்.

— வைச்சிட்டார். கேட்டீரே தம்பி? கொம்பியூட்டர் சொல்லுறதுதானாம். உள்ளுக்கை என்ன சத்தம் கேக்குது உமக்கு?

— பாட்டுச் சத்தம்.

— மனோகரி பாடுறாள், பிலோமினம்மா நண்டுக்காலாலை மேசையிலை தாளம் போடுறா. சென்ரர் திறந்து ஒரு வருசம் ஆகேல்லை. அதுக்கு முந்தி இந்தப் பொம்பிளையள் ஒண்டா இருந்து சிரிச்சு நான் கண்டதில்லை. காலமை பிள்ளையளைப் பள்ளிக்கூடத்திலை விட்டிட்டு வருகினம், பள்ளிக்கூடம் விடேக்கை போய்க் கூட்டிக்கொண்டு போகினம். குருநகருக்கு ஆர் போவினம்? எப்பிடிப் போவினம்? இந்தச் சென்ரரை மூடக்கூடாது தம்பி. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்.

— மூட விடமாட்டம் அக்கா. சொல்லுங்கோ, எப்ப எப்ப நிக்குது? கடல் வத்தேக்கையோ? தண்ணி கூடிக் குறைஞ்சால் அன்ரனா சிலநேரம் குழம்பும்.

— அதையும் பாத்தாச்சு. வத்தினாலும் நிக்குது, பெருகினாலும் நிக்குது. காத்தெண்டு நினைச்சம், சோழகம் அடிக்கேக்கை பேய் ஓட்டம் ஓடிச்சுது. நேவிக்காறரின்ரை றேடியோ எண்டு ஒருத்தர் சொன்னார். காகம் கூடு கட்டிப்போட்டுது எண்டு மனோகரி ஏணி வைச்சு ஏறிப் பாத்தவள். பிலோமினம்மா அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினவ. துலைஞ்ச சாமானெல்லாம் தேடித் தாறவர்தானே, லைனையும் தேடித் தருவார் எண்டு.

— தந்தவரோ?

— தந்தவர். அடுத்த நாள் காலமை திரும்ப வாங்கிப்போட்டார்.

— ஐயோ அக்கா! சரி, பகிடியை விடுவம். போன மாசம் நான் வந்த அண்டைக்கு ஓடினதல்லோ. அண்டைக்கு நீங்கள் என்ன வித்தியாசமாச் செய்தனீங்கள்?

— நான் ஒண்டும் செய்யேல்லை. நான் அண்டைக்குக் காலமை இஞ்சை இல்லையே. மகளைப் பல்லுக் காட்டக் கொண்டு போனனான். அரியநாயகம் அண்ணைதான் கந்தோர் திறந்தவர். நான் வரேக்கை நீர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நிண்டனீர்.

— அரியநாயகம் எண்டது அந்தத் திருநீறு பூசின ஐயாவோ?

— ஓம், எங்கடை கிளாக்கர். முந்தித் தெற்கே காலி ஊரிலை கடை வைச்சிருந்தவர், இப்ப வேலணையிலை இருந்து சைக்கிளிலை வாறவர். தங்கமான மனிசன். ஆனால் நல்ல நேரம் பாக்காமல் வீட்டு வாசல் தாண்டமாட்டார். நல்ல நேரம் வெள்ளணக் கிடந்தால் எனக்கு முந்தி வந்து நிப்பார், பிந்திக் கிடந்தால் நான்தான் திறக்கிறது.

— அவர் திறக்கிற நாளிலை லைன் எப்பிடி?

— ஓடும்... ஓம், ஓடும்! மாதாவே! அவர் திறந்தால் ஓடுது தம்பி, நான் திறந்தால் படுக்குது! "என்ரை கைராசி பிள்ளை" எண்டு அவரும் சொல்லுறவர், நான் பகிடியெண்டெல்லோ விட்டிட்டன்.

— கைராசிக்குப் படலை திறக்காது அக்கா. அவர் எதையோ தொடுறார். இல்லாட்டி நீங்கள் எதையோ தொடுறியள்.

— நான் தொடுறதோ? நீர் சொல்லித் தந்ததுக்கு மேலாலை ஒரு பொத்தான் நான் அமத்தினதில்லை, கேட்டீரோ!

— கோவியாதேங்கோ. அவர் இப்ப எங்கை?

— இண்டைக்கு அவருக்கு இன்னும் நேரம் கூடி வரேல்லையாக்கும். ஐயோ தம்பி, சுவரைப் பாரும். ரெண்டு முள்ளும் ஒண்டாச் சேந்திட்டுது.

— பன்னிரண்டோ! இருங்கோ, இன்னொருக்காக் கூப்பிட்டுப் பாக்கிறன். கேக்குது... பாக்குது... இல்லையக்கா. திறக்கேல்லை.

— காணும் தம்பி. எழும்பும். உள்ளுக்கை போய் அந்தப் பாட்டை நிப்பாட்டச் சொல்லவேணும். எனக்கெண்டால் கால் வருகுதில்லை.

— அஞ்சலாக்கா, அழாதேங்கோ.

— ஆர் அழுகிறது? நண்டு தொட்ட கையாலை கண்ணைத் துடைச்சுப்போட்டன்.

— பிள்ளை அஞ்சலா! ஏன் வாசலை மறிச்சுக்கொண்டு நிக்கிறாய்? விலகு விலகு, கணக்கைக் கெதியா அனுப்பவேணும்.

— வாங்கோ அரியநாயகம் அண்ணை. இனி என்னத்தை அனுப்புறது? பன்னிரண்டு அடிச்சாச்சு. சென்ரர் முடிஞ்சுது.

— ஆர் சொன்னது பன்னிரண்டு அடிச்சதெண்டு? இன்னும் அரை மணித்தியாலம் கிடக்கு. புதன்கிழமை பன்னிரண்டுக்கு ராகுகாலம் துவங்குது, அதுக்கு முந்தி அனுப்பிப்போட வேணுமெண்டுதான் சைக்கிளை இந்த உழக்கு உழக்கிக்கொண்டு வாறன். பார், சேட்டெல்லாம் தெப்பம்.

— சுவரிலை மணிக்கூட்டைப் பாருங்கோ அண்ணை!

— அது புது நேரம், பிள்ளை. தொண்ணூற்றாறிலை அரசாங்கம் முள்ளை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினது. ஒம்பது வருசமா நீங்களெல்லாம் அதுக்குப் பின்னாலை ஓடுறியள். அரசாங்கம் முள்ளைத் தள்ளினால் சூரியனும் தள்ளி உதிக்குமே? ராகுவும் கேதுவும் அரசாங்க வர்த்தமானி வாசிக்கிறதில்லை. எனக்கும் எங்கடை கோயிலுக்கும் பழைய நேரம்தான்.

— பாத்தீரே தம்பி, வீடு பத்தி எரியேக்கையும் இவருக்கு ராகுகாலம்.

— தம்பி ராசா, கதிரையை எப்பன் விடும். முதல்லை இந்தக் கொம்பியூட்டரின்ரை மணியைத் திருத்தவேணும். ஆரோ ஒரு பேய் இதை எந்த நாளும் முன்னுக்குத் தள்ளி வைச்சிட்டுப் போகுது.

— என்னது? ஐயா, என்ன செய்யப்போறியள்?

— இஞ்சை, இந்த மூலையிலை ஒரு மணி நிக்குதல்லே. அதை அரை மணித்தியாலம் பின்னுக்கு வைக்கவேணும். நான் திறக்கிற நாளிலை முதல் வேலை இதுதான் ராசா. ராகுகாலம் பாக்காமல் நான் ஒரு கணக்கும் துவங்கமாட்டன்.

— அண்ணை, நீங்களோ அது! உள்ளுக்கை பற்றறி செத்துப்போச்செண்டெல்லோ நான் நினைச்சன்! எப்ப பாத்தாலும் அரை மணித்தியாலம் பிந்தி நிக்கும், நான் எந்த நாளும் திருத்தி வைக்கிறனான்!

— அப்ப அந்தப் பேய் நீயோ பிள்ளை?

— ஓமண்ணை, நான்தான் பேய்!

— பொறுங்கோ பொறுங்கோ! ரெண்டு பேரும் ஒருக்காப் பொறுங்கோ! படலை கேக்கிற கேள்வியிலை ஒண்டு, "இப்ப என்ன நேரம்?" ரெண்டு பக்கத்து நேரமும் அஞ்சாறு நிமிசத்துக்கு மேலை வித்தியாசப்பட்டால், ஆரோ கள்ளன் வேசம் போட்டுக்கொண்டு வந்து நிக்கிறான் எண்டு திறக்கமாட்டுது!

— அது சரி தம்பி, ஆனால் நான் சரியான நேரத்தையெல்லோ வைக்கிறனான்? அப்ப எனக்கல்லோ திறக்கவேணும்?

— அதுதான் அக்கா! நீங்கள் சரியான நேரம் வைச்சால் திறக்குதில்லை. ஐயா பழைய நேரம் வைச்சால் திறக்குது. அப்பிடியெண்டால்... அந்தப் போனைத் தாங்கோ. ஹலோ, ஹெட் ஒஃபிசோ? நிருஜா, நான் கோபி. பின்னறைக்கு ஓடிப்போய் அந்தப் பெரிய கொம்பியூட்டர், சேவரிலை என்ன நேரம் நிக்குதெண்டு பாத்துச் சொல்லும். ஓம், மூலையிலை. என்ன? திரும்பச் சொல்லும்.

— என்னவாம் தம்பி? ஏன் இப்பிடி முழிக்கிறீர்?

— எங்கடை சுவரிலை பன்னிரண்டு பத்து. ஹெட் ஒஃபிஸ் சேவரிலை பதினொண்டு நாப்பது.

— பாத்தியே பிள்ளை! சேவரும் பழைய நேரம்! பெரிய கந்தோர் பெரிய கந்தோர்தான். எவ்வளவு மரியாதை தெரிஞ்ச மிசின்.

— ஐயா, பகிடியில்லை. நான் ஒழுங்கை வெட்ட வந்த அண்டைக்கு, சேவரிலை கிடந்த நேரத்தைப் பாத்து அப்பிடியே இஞ்சையும் வைச்சனான். ரெண்டும் ஒத்திருந்தால் காணும் எண்டு. சுவரைப் பாக்க எனக்கு நினைப்பு வரேல்லை. அதாலைதான் முதல்லை ஓடினது. பிறகு அக்கா திருத்த நிண்டிட்டுது, நீங்கள் திருத்த ஓடிச்சுது. கடலுமில்லை, காகமுமில்லை, நேவியுமில்லை!

— நாங்கள் ரெண்டு பேரும் ஒரு கொம்பியூட்டரை வைச்சுக் கயிறிழுத்திருக்கிறம் அண்ணை!

— அதுவும் ஒருத்தருக்கு ஒருத்தர் தெரியாமல், பிள்ளை.

— நிருஜா, லைனிலை நிக்கிறீரோ? நல்லது. அந்தச் சேவரின்ரை நேரத்தை இப்பவே அரை மணித்தியாலம் முன்னுக்கு...

— தம்பி! வாயை மூடும்! அவளுக்குச் சொல்லும், அதைத் தொடவேண்டாமெண்டு!

— ஏனக்கா? பிழையா ஓடுது, திருத்தத்தானே வேணும்?

— நாளைக்குத் திருத்தும். நாளையிண்டைக்குத் திருத்தும். இண்டைக்கு அந்தச் சேவரிலை ஒரு ஈ இருக்கவும் விடக்கூடாது. அங்கை போய் விழுகிற கணக்கிலை என்ன நேரம் அடிபடும்? சுவரிலை தொங்கிறதின்ரையோ, சேவரின்ரையோ?

— சேவரின்ரை நேரம்தான்... அக்கா! ஐயோ அக்கா! நிருஜா, தொடாதையும்! ஒண்டையும் தொடாதையும்! அறையைப் பூட்டிப்போட்டு வெளியாலை வாரும்!

— அரியநாயகம் அண்ணை, உங்கடை கையாலை அந்த மணியைப் பின்னுக்கு வையுங்கோ. இனி உங்களை நான் ஒண்டும் சொல்லமாட்டன்.

— வைச்சாச்சு பிள்ளை. பிள்ளையாரப்பா.

— கேக்குது... பாக்குது... திறந்திட்டுது! அக்கா, படலை திறந்திட்டுது! அனுப்புங்கோ, அனுப்புங்கோ!

— ராகுகாலத்துக்கு முந்தி, பிள்ளை! ராகுகாலத்துக்கு முந்தி!

— அந்தரப்படுத்தாதேங்கோ அண்ணை, இந்தா அமத்திறன். போகுது... போகுது... போட்டுது! போட்டுது தம்பி! மனோகரி! பாட்டை நிப்பாட்டாதை, இன்னும் சத்தமாப் பாடு!

— இப்பவெண்டாலும் ஒத்துக்கொள்ளன் பிள்ளை, என்ரை கைராசிதான் எண்டு.

— என்ரை கை நண்டு நாறுது அண்ணை. இல்லாட்டி உங்கடை அந்த ராசியான கையைப் பிடிச்சுக்கொண்டு இதிலையே ஆடுவன்!

— காலியிலை கடையிலை பைலா ஆடின கால் இது. நாறினாலும் பறவாயில்லை, வா.

— நீங்கள் ரெண்டு பேரும் ஆடுங்கோ, ஐயா. எனக்கு முழங்கால் நோகுது. அக்கா, போன்!

— மூச்சு விடாதேங்கோ ஒருத்தரும். ஸ்பீக்கரிலை போடுறன். ஹலோ?

— மிஸிஸ் அஞ்சலா, பரராசசிங்கம். எனக்கு ஒண்டு விளங்கேல்லை. பன்னிரண்டு அடிக்கிற மட்டும் நான் கொம்பியூட்டருக்கு முன்னாலைதான் இருந்தனான். உங்கடை கணக்கு வரேல்லை. தலைவர் பேனையை எடுத்திட்டார். தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வையுங்கோ எண்டு மறிச்சனான். இப்ப திரும்ப வந்து பாத்தால், கணக்குக் கிடக்கு.

— கிடக்கும் சேர். என்ன நேரம் போட்டுக் கிடக்கு?

— பதினொண்டு நாப்பத்தஞ்சு.

— அப்ப பன்னிரண்டுக்கு முந்தித்தானே சேர்?

— போட்டுக் கிடக்கிறது முந்தித்தான். ஆனால் நான் என்ரை கண்ணாலை...

— கண்ணை விடுங்கோ சேர். கொம்பியூட்டர் என்ன சொல்லுதோ அதுதான் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?

— சொன்னனான். தலைவரும் அதைத்தான் பாத்தவர். பாத்திட்டு, நேரத்துக்கு வந்திருக்கு, ஊர்காவற்றுறை இருக்கட்டும் எண்டிட்டார். கடதாசியைக் கிழிச்சாச்சு. லொறி வெளிக்கிடுது.

— மாதாவே! கேட்டியளே அண்ணை! தம்பி, ஓடிப்போய் உள்ளுக்கை சொல்லும்! சேர், இருக்கிறியளோ? லொறி எத்தினை மணிக்கு இஞ்சை நிக்கும்? ஐஸ் போட்டு ஆயத்தமா வைக்கவேணும்.

— ஒரு மணிக்கு.

— புது நேரமோ சேர், பழைய நேரமோ?

— கொஞ்சம் மெள்ளக் கதையும், தலைவர் வாசலிலை நிக்கிறார். பழைய நேரம், பிள்ளை, இப்பத்தான் எனக்கு விளங்குது. ஐயர் குறிச்சுத் தந்த நல்ல நேரம் தப்பக்கூடாதெண்டு, சேவரைத் திறந்த அண்டைக்கு அந்த மணியைப் பின்னுக்கு வைச்சது நான்தான்.